பல் பொருத்தம் பார்த்தீர்களா? தாடை ஆபரேஷனுக்குத் தயாராகும் குடும்பங்களுக்கு

ஒரு துண்டு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடியுங்கள். "டக்"கென்று அறுந்துவிடும்.

இது ஒரு பிரமாதமா என்று கேட்பீர்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்ய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல் இல்லாமல் இல்லை. 32 பல்லும் இருக்கும். ஒன்றிலும் சொத்தை இருக்காது. ஆனாலும் நூல் அறுபடாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டால்தானே அறுபடும்?

சிலருக்குக் கீழ்த்தாடை நீண்டிருக்கும். கீழ்ப்பல் வரிசை மேல்பல்லுக்கு வெளியே வந்து நிற்கும். சிலருக்குக் கீழ்த்தாடை குட்டையாக உள்ளே போயிருக்கும். மேல்பல் தாழ்வாரம் போல முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். வேறு சிலருக்குக் கடைவாய்ப் பல் மட்டும் சேரும்; முன்பக்கம் ஜன்னல் போலத் திறந்தே கிடக்கும். இன்னும் சிலருக்கு மோவாய் ஒரு பக்கமாக ஒதுங்கி, முகமே கோணலாகத் தெரியும்.

இவர்கள் கொய்யாப்பழத்தைக் கடிக்க மாட்டார்கள், நறுக்கித்தான் தின்பார்கள். முறுக்கை உடைத்துக் கடைவாயில் போட்டுக்கொள்வார்கள். பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகும் இவர்கள் இலையில் சோறு இருக்கும். போட்டோ எடுக்கும்போது வாயை இறுக மூடிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் இவர்கள் மனத்தை விட்டுப் போவதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே வயிற்றைக் கலக்கும்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வாய்க்குள்ளே இருக்கும் பல் பொருத்தத்தை யார் பார்க்கிறார்கள்?

பொருந்தாத தாடையை ஆபரேஷன் செய்து பொருத்தலாம். ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கான ஆயத்தமோ பெரும்பாலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் நடக்கும். அந்த ஆயத்தத்தில் ஒரு விசித்திரம் உண்டு. நாளாக நாளாகக் கோணல் குறையும் என்று எதிர்பார்ப்போம். அதுவோ கூடிக்கொண்டே போகும்! "ஐயோ, காசையும் கொடுத்து வாயையும் கெடுத்துக்கொண்டோமே" என்று வீட்டார் பதறுவார்கள். அது ஏன், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

மெல்ல முடியாத மன்னர்

இந்தத் தொல்லை ராஜாக்களையும் விட்டுவைக்கவில்லை. ஐரோப்பாவில் ஹாப்ஸ்பர்க் என்று ஒரு ராஜ வம்சம் இருந்தது. அந்த வம்சத்தார் பலருக்குக் கீழ்த்தாடை நீண்டிருக்கும். "ஹாப்ஸ்பர்க் தாடை" என்று இன்றைக்கும் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் 1500-இல் பிறந்தவர். ஐரோப்பாவில் பெரும் பகுதியும் கடல் கடந்த நாடுகளும் அவர் கையில் இருந்தன. ஆனால் அவருடைய மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. பேசும்போது கடைசிச் சொற்கள் தெளிவாக விழாது என்று வெனிஸ் நாட்டுத் தூதர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் வம்சத்தில் கடைசியாக ஸ்பெயினை ஆண்டவர் இரண்டாம் சார்லஸ். 1661-இல் பிறந்து 1700-இல் இறந்தார். இரண்டு பல்வரிசையும் சேராததால் அவர் உணவை மெல்லாமல் விழுங்கினார் என்று அக்காலத்து இங்கிலீஷ் தூதர் எழுதினார். தங்கத் தட்டில் வைத்தால் என்ன? மெல்ல முடியாதவனுக்கு விருந்தும் பாரம்தான்.

அவருடைய அப்பா நான்காம் பிலிப். அம்மா மரியானா. மரியானா யார் தெரியுமா? பிலிப்பின் சொந்தத் தங்கை மகள். அதாவது, தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர்! அந்த வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படி உறவுக்குள்ளேயே கல்யாணம் நடந்தது.

2019-இல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். வம்சத்தைச் சேர்ந்த 15 பேரின் 66 ஓவியங்களைத் தாடை ஆபரேஷன் நிபுணர்கள் 10 பேரிடம் காட்டி, யாருக்கு எவ்வளவு கோணல் என்று மதிப்புப் போடச் சொன்னார்கள். 6,000 பேருக்கு மேல் அடங்கிய வம்சாவளியையும் கணக்கிட்டார்கள். உறவுக் கலப்பு மிகுந்தவர்களிடம் கீழ்த்தாடை நீட்டமும் மிகுதியாகக் காணப்பட்டது.

நம் ஊரிலும் தாய்மாமனைக் கட்டும் வழக்கம் உண்டு. அதனால் பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் தாடை நீளும் என்று யாரும் பயப்பட வேண்டாம். தாடை அமைப்பு வம்சத்தில் ஓடக்கூடியது என்பதுதான் நாம் அறிய வேண்டியது. தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வருவது போல, பாட்டியின் தாடையும் பேத்திக்கு வரலாம்.

வேறு காரணங்களும் உண்டு. பல வருஷம் விடாமல் விரல் சூப்பிய குழந்தைக்கு முன்பல் சேராமல் போகலாம். சிறு வயதில் விழுந்து தாடைப் பூட்டில் அடிபட்டால் அந்தப் பக்கம் வளர்ச்சி குன்றலாம். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளில் சிலருக்கு மேல்தாடை சரியாக வளராமல் உள்வாங்கி நிற்கும். கர்ப்ப காலத்தில் கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்று தாயைக் குறை சொல்வது வீண் பழி.

நிலை கோணலா, கதவு கோணலா?

தச்சரைக் கேளுங்கள். கதவு சாத்த வரவில்லை என்றால் அவர் முதலில் எதைப் பார்ப்பார்? கதவு பிசகா, நிலை பிசகா என்று பார்ப்பார். கதவு பிசகானால் இழைப்புளி போதும். நிலையே சாய்ந்திருந்தால் கதவை எவ்வளவு இழைத்தாலும் பயன் இல்லை.

வாயும் அப்படித்தான். பல் மட்டும் கோணலாக முளைத்திருந்தால் கம்பி கட்டியே நேராக்கலாம். ஆபரேஷன் வேண்டாம். தாடை எலும்பே நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் கம்பி மட்டும் போதாது.

அமெரிக்காவில் எட்வர்டு ஆங்கிள் என்ற பல் டாக்டர் 1899-இல் கடிப்பை மூன்று வகையாகப் பிரித்தார். 6 வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல்லை அவர் அடையாளமாக வைத்துக்கொண்டார். மேல் கடைவாய்ப் பல்லும் கீழ்க் கடைவாய்ப் பல்லும் உரிய இடத்தில் சந்தித்தால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாம் வகை. முந்தினால் மூன்றாம் வகை. "உங்கள் பையன் மூன்றாம் வகுப்பு" என்று டாக்டர் சொன்னால் திகைக்க வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கு அல்ல, பல் கணக்கு!

எலும்புக் கோணலைப் பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். 1931-இல் அமெரிக்காவில் பிராட்பெண்ட் என்பவரும் ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும் தனித்தனியே இந்த முறையை வெளியிட்டார்கள். அந்தப் படத்தில் கோடு போட்டு, மேல்தாடை எவ்வளவு பின்தங்குகிறது, கீழ்த்தாடை எவ்வளவு முந்துகிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். கீழ்த்தாடை நீளம் என்று நாம் நினைப்போம். அளந்து பார்த்தால் கீழ்த்தாடை சரியாகவே இருக்கும். மேல்தாடைதான் உள்ளே போயிருக்கும். எதை நகர்த்துவது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தீப்பெட்டி போல நழுவும் எலும்பு

இந்த ஆபரேஷன் நேற்று வந்தது அல்ல. அமெரிக்காவில் வீலிங் என்ற ஊரில் சைமன் ஹல்லிஹென் என்ற டாக்டர் இருந்தார். சிறு வயதில் நெருப்புக் காயம்பட்ட ஒரு இளம்பெண் அவரிடம் வந்தாள். கழுத்துத் தோல் சுருங்கி இழுத்ததில் அவளுடைய கீழ்த்தாடை நீண்டு வளைந்துவிட்டது. அவர் தாடையின் முன்பகுதியை வெட்டிப் பின்னால் தள்ளிப் பொருத்தினார். அந்த விவரத்தை 1849-இல் வெளியிட்டார். தாடைச் சீரமைப்பு ஆபரேஷனின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

1901-இல் பிரான்ஸ் தேசத்து டாக்டர் ரெனே லெ ஃபோர் ஓர் ஆராய்ச்சி செய்தார். இறந்தவர்களின் தலைகளில் பலமாக அடி கொடுத்து, முக எலும்பு எங்கெங்கே உடைகிறது என்று பார்த்தார். மூன்று கோடுகளில்தான் அது பெரும்பாலும் உடைந்தது. அவற்றில் முதல் கோட்டில்தான் இன்று மேல்தாடையை அறுத்து நகர்த்துகிறார்கள்.

கீழ்த்தாடைக்கு வழி கண்டவர் ஹியூகோ ஓப்வெகேசர். ஆஸ்திரியாவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் பேராசிரியராக இருந்தவர். 1950-களில் அவர் புது முறை கண்டார். தாடையின் பின்பகுதியை மூங்கிலைப் பிளப்பது போல நெடுக்குவாட்டில் பிளந்தார். உள்பகுதியில் பல்வரிசை, வெளிப்பகுதியில் தாடைப் பூட்டு. தீப்பெட்டியின் உள்தட்டு நழுவுவது போலப் பல்வரிசை முன்னேயோ பின்னேயோ நழுவும். எலும்போடு எலும்பு அகலமாக ஒட்டி நிற்பதால் நன்றாகக் கூடும். இதையெல்லாம் வாய்க்குள்ளிருந்தே செய்தார். முகத்தில் தழும்பு இல்லை! 1957-இல் தம் ஆசிரியர் டிரவுனருடன் சேர்ந்து இதை இங்கிலீஷில் எழுதினார். உலகம் எங்கும் பரவியது. ஓப்வெகேசர் 2017-இல் காலமானார். அவர் காட்டிய வழியில்தான் இன்றும் பெரும்பாலும் செய்கிறார்கள்.

எந்த வயதில்?

வளரும் வயதில் இந்த ஆபரேஷன் பொதுவாகச் செய்வதில்லை. இன்றைக்குச் சரிசெய்த தாடை நாளைக்கு மறுபடியும் வளர்ந்துவிட்டால்? கீழ்த்தாடை முகத்தில் கடைசி வரை வளரும் எலும்பு. பெண்களுக்குப் பெரும்பாலும் 16 வயது வாக்கிலும், ஆண்களுக்கு 18 அல்லது அதற்கு மேலும் வளர்ச்சி நிற்கும். சில மாதம் விட்டு இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்து, வித்தியாசம் இல்லை என்று கண்ட பிறகே நாள் குறிப்பார்கள். மூச்சுவிடவே சிரமப்படும் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் முன்னதாகச் செய்வது உண்டு.

அதற்காக அதுவரை டாக்டரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. பிள்ளைக்கு 7 வயது ஆகும்போது பல் சீரமைப்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சில கோணல்களை வளரும் பருவத்திலேயே கருவி மாட்டித் திருப்பிவிடலாம். பின்னால் ஆபரேஷன் தேவைப்படாமலே போகலாம்.

பற்கள் போட்ட வேஷம்

கோணல் ஏன் கூடுகிறது என்ற விஷயத்துக்கு வருவோம்.

தாடைகள் பொருந்தாதபோது பற்கள் சும்மா இருப்பதில்லை. தாமாகவே சாய்ந்து இடைவெளியைக் குறைக்கப் பார்க்கின்றன. கீழ்த்தாடை நீண்டவருக்குக் கீழ் முன்பற்கள் உள்பக்கம் சாயும். மேல் முன்பற்கள் வெளிப்பக்கம் சாயும். இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்க முயலும். எலும்பில் பெரிய கோணல் இருந்தும் பல்லில் பாதிதான் வெளியே தெரியும். மீதியைப் பற்கள் மறைத்துக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில் தாடையை நகர்த்தினால் என்ன ஆகும்? பல்லில் தெரியும் அளவுக்குத்தான் எலும்பை நகர்த்த முடியும். அதற்கு மேல் நகர்த்தினால் பல் இடிக்கும். எலும்பின் கோணலில் பாதி அப்படியே நின்றுவிடும்.

ஆகவே முதலில் கம்பி கட்டி, சாய்ந்த பற்களை எலும்பின் மேல் நிமிர்த்துகிறார்கள். பற்கள் போட்ட வேஷத்தைக் கலைக்கிறார்கள். வேஷம் கலைந்ததும் எலும்பின் கோணல் முழுதும் வெளியே வருகிறது. 4 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி 8 ஆகத் தெரியலாம். மோவாய் முன்னிலும் நீண்டு தெரியும். முன்பு ஒருவாறு கடித்த பண்டத்தை இப்போது கடிக்க வராது. ஒன்றிரண்டு பல் மட்டும் இடிக்கும். பேச்சிலும் சற்றுக் குழறல் வரலாம்.

இது கெடுதல் அல்ல. வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். மேல்வரிசையும் கீழ்வரிசையும் இப்போது தனித்தனியே ஒழுங்காகின்றன. தாடை நகர்ந்து வரும் நாளில் ஒன்றோடொன்று பொருந்துவதற்காகக் காத்து நிற்கின்றன. மாதாமாதம் அச்சு எடுத்து, மேல் அச்சையும் கீழ் அச்சையும் கையில் வைத்துச் சேர்த்துக் காட்டும்படி டாக்டரைக் கேளுங்கள். வாயில் சேராத பற்கள் அச்சில் எப்படிச் சேர்கின்றன என்று கண்ணால் பார்த்தால் வீட்டாருக்கே தைரியம் வரும். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் திரையிலும் காட்டுகிறார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. கம்பி கட்டிய பிறகு "ஆபரேஷன் வேண்டாம்" என்று பாதியில் நிறுத்தினால், முன்பைவிடக் கோணலான வாயோடு நிற்க நேரும். கம்பியால் மட்டும் சமாளிக்கும் சிகிச்சை பற்களை ஒரு திசையில் சாய்க்கும். ஆபரேஷனுக்கான ஆயத்தம் எதிர்த் திசையில் நிமிர்த்தும். ஆகவே ஆபரேஷன் உண்டா இல்லையா என்பதைக் கம்பி கட்டும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஆற அமர யோசிக்க வேண்டிய நேரம் அதுதான்.

சிலருக்கு முதலில் ஆபரேஷன் செய்து, பிறகு கம்பியால் சரிசெய்யும் முறையும் இப்போது உண்டு. எல்லா வாய்க்கும் அது ஒத்துவராது.

ஞாயிற்றுக்கிழமைக் கடி

இன்னொரு வேஷம் நாமே போடுவது. கீழ்த்தாடை குட்டையானவர்கள் பழக்கத்தால் தாடையை முன்னே தள்ளி வைத்துக்கொள்வார்கள். முகம் நன்றாகத் தெரியும். பல்லும் சேர்வது போல இருக்கும். மேல்நாட்டுப் பல் டாக்டர்கள் இதற்கு "ஞாயிற்றுக்கிழமைக் கடி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகும் நாளில் நல்ல உடுப்புப் போட்டுக்கொள்வது போல, ஆள் முன்னால் போட்டுக்கொள்ளும் கடி!

டாக்டர் அளவெடுக்கும்போது இந்தக் கடியைக் காட்டினால் கணக்கு முழுதும் தவறிவிடும். தாடைப் பூட்டு தன் குழியில் இயல்பாக உட்கார்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஆகவே "வாயைத் தளர விடுங்கள்" என்று சொன்னால் தளர விடுங்கள். அழகாகக் காட்ட வேண்டிய இடம் அது அல்ல. பூட்டில் வலி, "கடக்" என்ற சத்தம், வாய் திறக்கச் சிரமம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தச் சிகிச்சைக்கு டாக்டர்கள் இருவர் வேண்டும். கம்பி கட்டும் பல் சீரமைப்பு டாக்டர் ஒருவர். வாய், தாடை ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒருவர். தொடக்கத்திலேயே இருவரும் சேர்ந்து உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது ஒரு வசதி. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் அப்படிப்பட்டது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்:

எனக்கு எந்தத் தாடை, எவ்வளவு நகரப் போகிறது?

ஆபரேஷன் இல்லாமல் கம்பியால் மட்டும் எவ்வளவு சரியாகும்? எது மீதி நிற்கும்?

ஆயத்தம் எத்தனை மாதம்? ஆபரேஷனுக்குப் பின் கம்பி எத்தனை மாதம்?

பல் பிடுங்க வேண்டுமா? எந்தப் பல்?

உதடு மரத்துப்போகும் அபாயம் எனக்கு எவ்வளவு?

முதல் நாள் முதல் கடைசி நாள் வரை மொத்தச் செலவு என்ன? காப்பீடு கிடைக்குமா?

செலவு விஷயத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆபரேஷன் செலவோடு கம்பிச் செலவு, எக்ஸ்ரே, மருந்து, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். முகம் அழகாக வேண்டும் என்பதற்காக மட்டுமா, மெல்லவும் பேசவும் முடியாததற்காகவா என்று காப்பீட்டுக்காரர் கேட்பார். மெல்லுவதில் உள்ள சிரமத்தை டாக்டர் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்திய வாரங்கள்

கீழ்த்தாடையைப் பிளக்கும் இடத்தில் கடைசிக் கடைவாய்ப் பல் புதைந்திருந்தால், பல டாக்டர்கள் ஆறு மாதம் முன்பே எடுத்துவிடுவார்கள். அந்தக் குழி ஆறி எலும்பு நிறைய வேண்டும் அல்லவா?

சொத்தைப் பல், ஈறு வீக்கம் எல்லாவற்றையும் முன்னதாகச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் பல வாரம் வாயைப் பெரிதாகத் திறக்க வராது. ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்தம் குறைவாக இருந்தால் கீரை, பேரீச்சம்பழம் முதலியவற்றோடு டாக்டர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் சாப்பிட்டு முன்கூட்டியே தேற்றிக்கொள்ள வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரையோ நாட்டு மருந்தோ சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை அறவே கூடாது. எலும்பு கூடுவதை அவை கெடுக்கும்.

வீட்டில் மிக்ஸி, வடிகட்டி, சிறு குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ், தலையை உயர்த்தி வைக்க இரண்டு தலையணை, எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு எல்லாம் தயாராக இருக்கட்டும். ஊரிலிருந்து பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் பத்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். வீங்கிய முகத்தைப் பார்த்து ஒருவர் அழத் தொடங்கினால் நோயாளியின் தைரியம் போய்விடும்.

அன்று என்ன நடக்கும்?

முழு மயக்கம் கொடுப்பார்கள். மூச்சுக் குழாயை வாய் வழியாகப் போடாமல் மூக்கு வழியாகப் போடுவார்கள். பல் பொருந்துகிறதா என்று பார்க்க வாய் காலியாக இருக்க வேண்டும்.

முன்பே செய்து வைத்த மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று உண்டு. பற்கள் எங்கே உட்கார வேண்டுமோ அந்தப் பள்ளம் அதில் இருக்கும். எலும்பை அறுத்த பிறகு இரண்டு வரிசையையும் அந்தத் தகட்டில் பொருத்திவிட்டு, டைட்டானியம் தகடும் திருகும் வைத்து எலும்பை முடுக்குவார்கள். இத்தனை மாத ஆயத்தமும் அந்தப் பள்ளத்தில் பற்கள் சரியாக உட்காருவதற்காகத்தான்.

பழைய நாளில் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்து ஆறு வாரம் கட்டி வைப்பார்கள். இப்போது தகடும் திருகும் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் ரப்பர் வளையம் மட்டும் மாட்டுகிறார்கள். அதை எப்படிக் கழற்றுவது, வாந்தி வந்தால் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன்பே நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். சிறு கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கஞ்சிக் காலம்

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண்ணாடியைப் பார்த்தால் வேறு யாரோ போலத் தெரியும். இரண்டு வாரத்தில் பெரும்பகுதி வடியும். முழுதும் வடியச் சில மாதம் ஆகும். மேல்தாடையில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சொல்லும் வரை மூக்கைச் சிந்தக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் நம் சமையலறைக்கு நிகர் இல்லை. முதல் வாரங்களில் வடிகட்டிய கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர், மோர், இளநீர், பால், காய்கறி சூப். பிறகு டாக்டர் அனுமதித்தால் குழையக் கரைத்த ரசம் சாதம், பொங்கல், பாலில் ஊறிய இட்லி, கலக்கிய முட்டை. ஆறு வாரம் வரை முறுக்கும் சீடையும் கண்ணில் படக் கூடாது. ஒரே வேளையில் நிறைய இறங்காது. இரண்டு மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சில கிலோ எடை குறைவது சகஜம். சூடு ஆறிய பிறகே கொடுங்கள். ஏன் என்று கேட்கிறீர்களா?

கீழ்த்தாடைக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். எலும்பைப் பிளக்கும்போது அது நசுங்கும், இழுபடும். ஆபரேஷன் முடிந்ததும் உதடு மரக்கட்டை போல இருக்கும். சூடு தெரியாது; சோறு ஒட்டியிருப்பதும் தெரியாது. உதட்டை அசைப்பது வேறு நரம்பு. ஆகவே பேசலாம், சிரிக்கலாம். பலருக்கு மாதக்கணக்கில் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பும். சிலருக்குக் கொஞ்சம் மரமரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். கையெழுத்துப் போடும் முன்பு இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். மென்று தின்னும் சுகத்துக்காக இந்த நஷ்டத்தை ஏற்கத் தயாரா என்று நோயாளி தானே சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் அவருக்காகச் சொல்லிவிடக் கூடாது.

பொருத்தம் நிற்குமா?

ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே பலர் நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். "இந்தப் பக்கம் சேரவில்லையே" என்று கலங்குவார்கள். வீக்கமும் ரப்பர் வளையமும் இருக்கும் நாளில் கடி விநோதமாகத்தான் தெரியும். கடைவாயில் சிறு இடைவெளி இருக்கலாம். அதை மூடத்தான் கம்பி இன்னும் சில மாதம் வாயிலேயே இருக்கிறது. ரப்பர் வளையத்தைச் சொன்னபடி மாட்டுவது நோயாளியின் வேலை. தசை பழைய இடத்துக்கு இழுக்கும். வளையம் புது இடத்தில் நிறுத்தும். வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டால் பழைய கோணலில் கொஞ்சம் திரும்பி வரக்கூடும். கம்பி எடுத்த பிறகும் பல்லை நிறுத்தி வைக்கும் கிளிப்பை மாட்டிக்கொள்ள வேண்டும்.

நேற்றுச் சேர்ந்த பல் இன்று திடீரென்று சேராமல் போனால், "கடக்" என்று ஏதோ நகர்ந்தது போல இருந்தால், காய்ச்சல் அல்லது சீழ் கண்டால், ரத்தம் நிற்காமல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கம்பி கட்டிய பிறகு பல் இன்னும் கோணலாகிவிட்டதே என்று யாராவது சொன்னால், ஆயத்தம் நடக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஒன்றரை வருஷமும் அவளுக்குப் பட்டப்பெயர் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோணல் வெளியே தெரியும் அந்த நாட்களில்தான் அவளுக்கு மனிதர்களின் துணை வேண்டும்.